கலியாணசுந்தரத்தின் இருபத்துமூன்று மேற்கோள்கள்

“உங்க கட்டுரையை இதுவரைக்கும் எத்தனை பேரு மேற்கோள் காட்டியிருக்காங்க?” என்று கல்லூரி முதல்வர் கேட்டார்.

திருஞானசம்பந்தத்துக்குக் கேள்வி புரிந்தது. பதில்தான் தெரியவில்லை.

“அது இங்கிலாந்துல அச்சாகியிருக்குது சார்.”

“அச்சாகறது என்னய்யா பெரிசு? கல்யாணப் பத்திரிகைகூடத்தான் அச்சாகுது. அதைப் பார்த்துட்டு எத்தனை பேரு வந்தாங்கங்கறதுதான் கணக்கு.”

சம்பந்தம் அந்தக் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளன். தற்காலிக விரிவுரையாளன். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜூனில் மறுபடி கூப்பிடுவார்கள். கூப்பிடும்வரை அவன் விரிவுரையாளனா இல்லையா என்பது அவனுக்கே நிச்சயமாகத் தெரியாது. இந்த ஆண்டு அந்த வேலையை நிரந்தரமாக்கப்போகிறார்கள். கிடைத்தால் நிரந்தரம். கிடைக்காவிட்டால் ஜூனில் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

“கமிட்டி வெள்ளிக்கிழமை கூடுது,” என்றார் முதல்வர். “நம்ம தாளாளரோட மச்சான் அமெரிக்கா போயிட்டு வந்திருக்கார். அங்க ஒரு தடிப் புத்தகம் போடறாங்களாம். எந்த விஞ்ஞானியை எத்தனை பேரு மேற்கோள் காட்டினாங்கன்னு அதுல இருக்குமாம். தாளாளர் பிடிச்சுக்கிட்டார். அவரு ரைஸ்மில் வெச்சிருக்கறவர் இல்லையா? ‘நெல்லுக்கு எடை இருக்கறப்போ விஞ்ஞானிக்கு ஏன் இருக்கக் கூடாது’ங்கறார்.”

“அந்தப் புத்தகம் இங்க எங்க சார் கிடைக்கும்?”

“மெட்ராஸ்ல கிடைக்கும். போய் எண்ணிக்கிட்டு வாங்க. அப்படியே உங்க கட்டுரையில ஒரு பிரதியும் கொண்டாங்க. கமிட்டி பார்க்கணும்னு சொல்லுச்சு.”

“கமிட்டிக்குப் புரியுமா சார்?”

“புரியாதுய்யா. தடிமன் எவ்வளவுன்னு பார்ப்பாங்க.”

சம்பந்தத்தின் துறை கோட்பாட்டு இயற்பியல். கல்லூரிச் சோதனைச் சாலையில் இருந்த ஒரே மின்மானியின் முள் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதால், காகிதமும் பென்சிலும் போதும் என்ற துறையை அவன் தேர்ந்தெடுத்திருந்தான். மூன்று துகள்கள் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டால் எது எந்தப் பக்கம் போகும் என்பது அவன் ஆராய்ச்சி. கல்யாணமான புதிதில் இதை மனைவி கமலவேணியிடம் விளக்கினான். “மாமியா, மருமக, நாத்தனா மாதிரியா?” என்று அவள் கேட்டாள். அவன் இரண்டு நாள் யோசித்து, “தோராயமா அப்படித்தான்” என்று ஒப்புக்கொண்டான்.

இந்த மூன்று துகள் கட்டுரைதான் ஐந்து ஆண்டுகளுக்கு முன் அச்சானது. அதைப் போட்ட பத்திரிகை அவனுக்கு இருபத்தைந்து தனிப் பிரதிகளை இலவசமாக அனுப்பியிருந்தது. வழவழப்பான கெட்டித் தாள். யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று பரண்மேல் வைத்தான். யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குக் கொடுக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது இரண்டாவது கட்டுரை ஒன்றும் அதே பத்திரிகையில் அச்சாகிக்கொண்டிருந்தது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டுக்கு அவன் வந்தபோது அப்பா கலியாணசுந்தரம் தறியில் உட்கார்ந்திருந்தார். ஏணியை எடுத்துப் பரண்மேல் சாத்தினான். தறிச் சத்தம் நின்றது.

“மேல இன்னாடா தேடற?” என்றார் அப்பா.

“ஒரு காகிதக் கட்டுப்பா.”

“அங்க காகிதமே கிடையாதே,” என்றார் அப்பா, நிமிர்ந்து பார்க்காமலே.

கட்டு இருந்தது. கயிறும் கட்டியபடியே இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் மேலுறை மட்டும் இருந்தது. உள்ளே ஒரு பிரதிகூட இல்லை.

“எலியா இருக்கும்,” என்றாள் கமலவேணி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு.

“எலி தின்னா தூள் இருக்கணுமே. அதுவும் தின்னுட்டுக் கயிறைத் திரும்பக் கட்டி வைக்குமா?”

“இந்த வீட்ல எதுதான் நேரா நடக்குது?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “உங்க அப்பாவைப் பாருங்க. முன்னெல்லாம் தறியில ஏத்தின பாவு நெஞ்சு முடிஞ்சா ஓரத்துல மிஞ்சற துண்டை எங்கிட்ட குடுப்பாரு, ரவிக்கைக் கைக்கு வெச்சுத் தைக்கச் சொல்லி. இப்ப பொட்டியில போட்டுப் பூட்டிக்கறாரு. கேட்டா, அது நெசவாளர் சங்கத்துப் பட்டு, எடுக்கக் கூடாதுங்கறாரு. இத்தனை வருஷமா அது யாரு பட்டாம்?”

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தபால்காரர் துரைக்கண்ணு. பக்கத்துத் தாமல் ஊர்க்காரர், ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர், அதை மறைப்பவரல்ல. அவர் மணி அடித்தால் அப்பா தறியை விட்டு எழுந்து வாசலுக்கே போய்விடுவார். கொஞ்ச நேரம் இருவரும் தணிந்த குரலில் பேசுவார்கள். வயதான இருவர் பேசிக்கொள்கிறார்கள் என்று சம்பந்தம் நினைத்துக்கொள்வான். இன்றும் அப்படியே நினைத்துக்கொண்டு ஏணியை எடுத்து வைத்தான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போனான்.

நூலகத்தில் அந்தத் தடிப் புத்தகங்கள் ஒரு சுவரை அடைத்து நின்றன. ஓர் ஆண்டுக்குப் பல தொகுதிகள். மேற்கோள் காட்டப்பட்டவர்களின் பெயர் அகர வரிசையில். அதன் கீழே காட்டியவர்கள் யார் யார் என்று பொடி எழுத்தில். நூலக உதவியாளர் அந்தோணி ஒரு தொகுதியைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசைமேல் கிடத்தினார்.

“எந்தப் பேரு சார்?”

“திருஞானசம்பந்தம்.”

அந்த இடத்தில் ஓர் அமெரிக்கருக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். இருவருக்கும் நடுவில் திருஞானசம்பந்தம் இருக்க வேண்டும். ஓர் எறும்பு நுழையும் இடம்கூட இல்லை. ‘சம்பந்தம்’ என்று தேடினான். ‘ஞானசம்பந்தம்’ என்று தேடினான். அடுத்த ஆண்டுத் தொகுதி, அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் பூஜ்யம். ஒருவேளை பூஜ்யத்தைத் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தான்.

“இல்லைங்க,” என்றான் மெதுவாக. “நான் இல்லை.”

அந்தோணி அவனை இரக்கத்துடன் பார்த்தார். “அப்பா பேரு இன்னா சார்?”

“எதுக்கு?”

“நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரு இதுக்குள்ள அப்பா பேருலதான் இருக்காங்க. வெள்ளைக்காரன் குடும்பப் பேரு இன்னான்னு கேப்பான். நமக்கு ஏது அது? இனிஷியலை விரிச்சு எழுதிக் குடுத்துடுவாங்க. போன வாரம் ஒரு டாக்டரு தாத்தா பேருல கெடைச்சாரு சார்.”

சம்பந்தத்துக்கு நினைவு வந்தது. பத்திரிகைக்காரர்கள் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள். அவன் ஒரு மாலை முழுவதும் யோசித்தான். குடும்பத்தின் தலைவர் அப்பா. ஆகவே குடும்பத்தின் பெயர் அப்பாவின் பெயர். அந்தத் தர்க்கத்தில் அன்றும் ஓட்டை தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. திருஞானசம்பந்தம் கலியாணசுந்தரம் என்று எழுதி அனுப்பினான். கல்லூரியில் தான் எவ்வளவு நாள் இருப்போமோ என்ற சந்தேகத்தில் வீட்டு விலாசத்தையே கொடுத்தான்.

கலியாணசுந்தரம் இருந்தார். ஒவ்வொரு ஆண்டும் இருந்தார். அவருக்குக் கீழே போலந்துக்காரர், பிரேசில்காரர், ஜப்பானியர் இருவர், பல்கேரியர், கனடாக்காரர் என்று வரிசை நீண்டது. சம்பந்தம் நாட்டையும் பெயரையும் குறித்துக்கொண்டு எண்ணினான். இருபத்துமூன்று.

உலகத்தில் இருபத்துமூன்று பேர் அவனுடைய அப்பாவை மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

அவனுக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அப்படி என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கப் போலந்துக்காரரின் கட்டுரையைக் கேட்டு வாங்கினான். அது காந்தங்களைப் பற்றியது. மூன்று துகள்களுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் நடுவில் ஒரு வரி: ‘துகள்களின் மோதலைப் பற்றிக் காஞ்சிபுரத்திலிருந்து ஓர் அழகிய ஆய்வும் உண்டு.’ கடைசியில், பொடி எழுத்தில், ‘பேராசிரியர் கலியாணசுந்தரத்தின் தாராள மனதுக்கு நன்றி. என் மனைவியும் தன் நன்றியைத் தெரிவிக்கிறாள்.’

சம்பந்தம் அதை மூன்று முறை படித்தான். போலந்துக்காரர் யாரிடமும் அவன் தாராளம் காட்டியதில்லை. அவர்கள் மனைவிகளிடம் சத்தியமாகக் காட்டியதில்லை.

“அந்தம்மாவும் விஞ்ஞானியா இருப்பாங்க சார்,” என்றார் அந்தோணி.

அதுதான் சரியாக இருக்கும் என்று பட்டது.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னான். “வெளிநாட்டுல இருபத்துமூணு பேரு மெச்சியிருக்காங்கப்பா.”

தறியில் இழை ஓட்டும் நாடா பாதி வழியில் நின்றது. “யாரை?”

“என்னைத்தான். ஆனா உங்க பேருல.”

அப்பா நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு பெருமூச்சு விட்டார். “மெச்சிக்கினு இருப்பான். மெச்சறவன் எல்லாம் ஆர்டர் குடுத்துடறானா? நல்லா இருக்குது, நன்றின்னு சொல்லிட்டுப் போயிக்கினே இருக்கான்.”

அப்பா உலகத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறார் என்று சம்பந்தம் எடுத்துக்கொண்டான்.

முதல்வர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு மேலே இருந்த பெயரைப் பார்த்தார். மலர்ந்தது மூடிக்கொண்டது.

“யாருய்யா இது கலியாணசுந்தரம்?”

“எங்க அப்பா சார்.”

“அப்போ ஆராய்ச்சி உங்க அப்பாவோடதா?”

“இல்லை சார், என்னோடது. பேருதான் அப்பாவோடது.”

“அப்பா என்ன செய்யறார்?”

“பட்டு நெய்யறார் சார்.”

“நெய்யறவருக்கு இருபத்துமூணு. படிச்ச உங்களுக்குப் பூஜ்யம். இதை நான் எப்படிய்யா கமிட்டியில வாசிக்கறது?” முதல்வர் மேசையைத் தட்டி யோசித்தார். “ஒண்ணு பண்ணுங்க. உங்க அப்பா நெசவைத் தவிர வேற ஒண்ணும் செய்யறதில்லைன்னு யார்கிட்டயாவது எழுதி வாங்கிட்டு வாங்க. அவரு இல்லைன்னா அது நீங்கதான்னு ஆயிடும். தர்க்கப்படி சரிதானே?”

தர்க்கப்படி சரிதான். ஆகவே சம்பந்தம் நெசவாளர் சங்கத்துக்குப் போனான்.

சங்கத்தில்தான் பட்டும் சரிகையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். நெய்த சேலையும் மிஞ்சியதும் எடை குறையாமல் சங்கத்துக்கே திரும்ப வேண்டும். வெளியாள் யாருக்கும் ஓர் இழைகூடப் போகக் கூடாது என்பது விதி. அந்த விதிக்குக் காவலாக இருந்தவர் செயலாளர் ராஜகோபால்.

“எங்க அப்பா நெசவைத் தவிர வேற எந்த வேலையும் செய்யலன்னு ஒரு சர்ட்டிபிகேட் வேணும் சார்.”

ராஜகோபால் பேனாவைக் கீழே வைத்தார். “செய்யறாருன்னு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலை.”

“யாரும் சொல்லாம எதுக்குத் தம்பி இல்லைன்னு எழுதி வாங்கணும்? இந்தச் சங்கத்துல இத்தனை தறி இருக்குது. நான் ஒண்ணும் தப்பு செய்யலன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் வந்து எழுதிக் கேட்டதில்ல. செய்யறவன்தாம்பா கேப்பான்.”

விவரமாகச் சொன்னால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று சம்பந்தம் நினைத்தான். பட்டியலை எடுத்து மேசைமேல் விரித்தான்.

“பாருங்க சார். இத்தனை நாட்டுல எங்க அப்பா பேரு தெரியும். ஆனா அதுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அதைத்தான் நீங்க எழுதிக் குடுக்கணும்.”

ராஜகோபால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். “போலந்து. பிரேசில். ஜப்பான் ரெண்டு. கனடா...” அவர் குரல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு படி இறங்கியது. “எல்லாம் ஏற்றுமதி ஆவற ஊரு.”

“இல்லை சார், இவங்க எல்லாம் விஞ்ஞானிங்க.”

“விஞ்ஞானி பொண்டாட்டி சேலை கட்ட மாட்டாளா?”

“அங்க கட்ட மாட்டாங்க சார்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

சம்பந்தம் யோசித்துப் பார்த்தான். அவன் போலந்துக்குப் போனதில்லை.

ராஜகோபால் சர்ட்டிபிகேட் கொடுத்தார். சங்கத்து முத்திரையும் குத்தினார். அதில் இப்படி இருந்தது: ‘திரு. கலியாணசுந்தரம் எங்கள் உறுப்பினர். நெசவு தவிர வேறு தொழில் செய்வதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அவருடைய வெளிநாட்டுத் தொடர்புகள் விசாரணையில் உள்ளன.’

வீட்டுக்கு வந்து, முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை என்று அப்பா எதிரில் உட்கார்ந்தான்.

“அப்பா, சங்கத்துல உங்களைப் பத்தி ஒரு சர்ட்டிபிகேட் கேட்டேன்.”

“என்னைப் பத்தியா? இன்னான்னு கேட்ட?”

“நீங்க வேற ஒண்ணும் செய்யலன்னு.”

“நான் இன்னாடா செஞ்சேன்?”

“ஒண்ணும் செய்யலன்னுதாம்பா கேட்டேன்.”

“ஒண்ணும் செய்யாதவனைப் பத்தி எதுக்குடா போயிக் கேட்ட? சும்மா இருந்தவன் சும்மா இருக்கான்னு ஊர்ல தண்டோரா போடணுமா?” அப்பாவின் நெற்றியில் வேர்த்திருந்தது. “ராஜகோபால் இன்னா சொன்னான்?”

“விசாரிக்க ஆள் அனுப்பறேன்னு சொன்னாரு.”

அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்தார். உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கமலவேணி மடி நிறையப் பட்டுத் துண்டுகளுடன் வந்து நின்றாள். எல்லாம் உள்ளங்கை அகலம். மயில் கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள்.

“ஏங்க, உங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? எல்லாத்தையும் எடுத்துக்கோ, இன்னைக்கே ரவிக்கையில வெச்சுத் தைச்சுடுங்கறாரு. தைச்சா போதாதாம், போட்டுக்கவும் சொல்றாரு.”

மறுநாள் சங்கத்திலிருந்து இருவர் வந்தார்கள். தறியைப் பார்த்தார்கள், சரிகையை எடை போட்டார்கள், பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. புது ரவிக்கை போட்டிருந்த கமலவேணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

சர்ட்டிபிகேட்டைப் படித்த முதல்வர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“வெளிநாட்டுத் தொடர்பு இருக்குன்னு சங்கமே முத்திரை குத்திக் குடுத்திருக்கே!”

“விசாரிச்சாங்க சார். ஒண்ணும் இல்லைன்னு போயிட்டாங்க.”

“அது இதுல இல்லையே. உங்க அப்பாவைக் கமிட்டிக்கே கூட்டிட்டு வந்துடுங்க. அவருக்கு இயற்பியல் தெரியுமா தெரியாதான்னு நேர்லயே பார்த்துடுவோம்.”

“தெரியாதுங்கறதை எப்படி சார் பார்க்கறது?”

“அதையெல்லாம் ஆசிரியர் வேலையில இருக்கற நமக்குச் சொல்லித்தரணுமாய்யா?”

வெள்ளிக்கிழமை அப்பா சலவை வேட்டியும் திருநீறுமாக வந்து கமிட்டி முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இது கல்லூரிக் கமிட்டி, சங்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சம்பந்தம் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தான். அப்பா ஒவ்வொரு முறையும் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

தாளாளர் பரமசிவம் முசரவாக்கத்துக்காரர். பயிர் வைத்து, ரைஸ்மில் வைத்து, பிறகு கல்லூரி வைத்தவர். வளைத்துப் பேசத் தெரியாது.

“பெரியவரே, நீங்கதான் கலியாணசுந்தரமா?”

“ஆமாங்க.”

“ஏதாச்சும் எழுதியிருக்கீங்களா?”

“கையெழுத்து மட்டும் போடுவேங்க.”

“வெளிநாட்டுக்காரன் யாருக்காவது...”

“அனுப்பலீங்க.”

தாளாளர் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். “அனுப்பினீங்களான்னு நான் கேக்கலியே?”

“கேட்டாலும் அனுப்பலீங்க.”

சம்பந்தம் அப்பாவின் தோளைத் தொட்டான். அப்பா தோளை விலக்கிக்கொண்டார். முதல்வர் முன்னால் சாய்ந்தார்.

“போலந்துன்னு ஒரு நாடு கேள்விப்பட்டிருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“பிரேசில்?”

“அது எந்தத் திக்குல இருக்குதுன்னே தெரியாதுங்க. ரொம்ப தூரங்க. கப்பல் தபால்ல போட்டா மூணு மாசம் ஆவும்.”

மேலே மின்விசிறி மட்டும் க்ரிச் க்ரிச் என்றது. தாளாளர் மெதுவாக முதல்வர் பக்கம் திரும்பினார்.

“இந்த ஆளுக்கு என்னமோ தெரியுதுய்யா.”

சம்பந்தம் தன் கட்டுரையை மெட்ராஸ் நூலகத்தில் பார்த்துக் கையால் நகல் எழுதிக் கொண்டுவந்திருந்தான்; முதல்வர் எழுந்துபோய்க் கரும்பலகையில் அதிலிருந்து ஒரு சமன்பாட்டை எழுதினார். அவர் வேதியியல்காரர். எழுதி முடிக்கும்போது சமன்பாட்டில் ஒரு குறி கீழே விழுந்துவிட்டிருந்தது. “இதைப் பார்த்தா என்ன தெரியுது பெரியவரே?”

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். சம்பந்தத்துக்குச் சந்தேகம் வந்தது. ஒருவேளை அப்பாவுக்குத் தெரிந்திருந்தால்? கட்டுரையை உண்மையிலேயே அப்பாதான் எழுதியிருந்து தனக்குத்தான் மறந்துபோய்விட்டதா? ஒரு கணம் அதைக்கூட அவனால் நிச்சயமாக மறுக்க முடியவில்லை.

“சாக்பீசு நல்லா எழுதுதுங்க,” என்றார் அப்பா.

“நீங்க விளக்குங்கய்யா,” என்று தாளாளர் சம்பந்தத்திடம் சொன்னார். “உங்க அப்பாவுக்கு. நாங்க அவரு முகத்தைப் பாக்கறோம்.”

சம்பந்தம் விளக்கினான். முதல் துகள் வருகிறது, இரண்டாவது வருகிறது, மூன்றாவது எங்கிருந்தோ வருகிறது. மூன்றாவது துகள் வந்து சேர்வதற்குள் அப்பா தூங்கிவிட்டார்.

“இவரு விஞ்ஞானி இல்லய்யா,” என்றார் தாளாளர். “தூங்கறாரு.”

“அப்படிச் சொல்லிட முடியாது சார்,” என்றார் முதல்வர். “நம்ம கருத்தரங்குல எல்லாரும் தூங்குவாங்க. நானே தூங்கியிருக்கேன்.”

தாளாளர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடிக்கும்வரை அறை காத்திருந்தது.

“இங்க பாருங்க. எழுதினது புள்ளையா இருந்தா, புள்ளையை எடுக்கறோம், சரியாப்போச்சு. எழுதினது அப்பாவா இருந்தாலும் ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்காங்க? புள்ளையை நிரந்தரமாக்கினா அப்பா எங்க போயிடுவாரு? ஒரு சம்பளம், ரெண்டு விஞ்ஞானி. கையெழுத்துப் போடுங்கய்யா.”

போட்டார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சம்பந்தம் சந்தோஷமாகத்தான் இருந்தான். ஆனாலும் எதற்காக எடுத்தார்கள் என்று யோசித்தால் தலை சுற்றியது. காந்தக் கட்டுரையில் ஏன் தன் துகள்கள் வந்தன என்பது புரியவில்லை. இருபத்தைந்து பிரதிகள் எங்கே போயின என்பது புரியவில்லை. அப்பாவுக்குக் கப்பல் தபால் எப்படித் தெரியும் என்பதும் புரியவில்லை. நிரந்தரமான பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான்.

கமலவேணி கேசரி கிண்டியிருந்தாள். தட்டை வாங்கும்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. அப்பா எழுவதற்குள் துரைக்கண்ணு உள்ளேயே வந்துவிட்டார். கையில் ஒரு கட்டு.

“லண்டன்லேர்ந்து சார்.”

சம்பந்தம் பிரித்தான். அவனுடைய இரண்டாவது கட்டுரை. வழவழப்பான கெட்டித் தாளில் இருபத்தைந்து பிரதிகள். துரைக்கண்ணு எட்டிப் பார்த்தார்.

“அட, அதே தாளு! அய்யா, போன கட்டு தீந்துபோச்சுன்னு கவலைப்பட்டுக்கினு இருந்தீங்களே, வந்துடுச்சு பாருங்க.”

அப்பாவுக்கு இருமல் வந்தது. “துரைக்கண்ணு, உனக்கு அடுத்த தெருவுக்குத் தபால் இல்ல?”

“எல்லாம் குடுத்தாச்சுங்க.”

“போன கட்டா?” என்றான் சம்பந்தம்.

“உங்களுக்குத் தெரியாதா சார்? அய்யா பேருக்கு வெளிநாட்டுலேர்ந்து கார்டு வரும். ‘உங்க வேலையைப் பாத்தோம், அருமையா இருக்குது, எங்களுக்கு ஒண்ணு அனுப்பி வைங்க’ன்னு இங்கிலீசுல எழுதியிருப்பான். நான்தான் படிச்சுச் சொல்லுவேன். அய்யா பரண்லேர்ந்து இந்தத் தாளை ஒண்ணு ஒண்ணா எடுத்து அனுப்பி வெச்சாரு.”

“எம் பேருக்கு வந்துச்சு, நான் அனுப்பினேன்,” என்றார் அப்பா சுவரைப் பார்த்து. “அதுல இன்னா தப்பு?”

சம்பந்தம் கட்டைக் கீழே வைத்தான். தான் கூச்சப்பட்டுப் பரணில் வைத்ததை, எழுத்துத் தெரியாத அப்பா கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார். சங்கத்துக்காரன் வந்தபோதும் கமிட்டி கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை.

“அப்பா...” என்றான். பிறகு துரைக்கண்ணுவிடம், “எத்தனை பேருக்கு அனுப்பினாரு?” என்று கேட்டான்.

“கட்டுல இருந்தது அத்தனையும் சார். இருபத்தஞ்சு.”

இருபத்தைந்து பேருக்குப் போயிருக்கிறது; இருபத்துமூன்று பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். சம்பந்தம் மனக்கணக்குப் போட்டான். இயற்பியல் வரலாற்றில் எந்தக் கட்டுரைக்கும் அப்படி ஒரு விகிதம் இருந்திருக்க முடியாது. படித்தவர்கள் எல்லாரும், அநேகமாக எல்லாரும், மயங்கியிருக்கிறார்கள். காந்தக்காரர்கூட மயங்கியிருக்கிறார். வாழ்நாளில் முதல் முறையாக அவனுக்குத் தன்மேல் ஒரு சந்தேகமும் இல்லாமல் இருந்தது. அந்த நிலை புதிதாக இருந்ததால் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், மிச்சமிருந்த ஒரே குறையையும் கேட்டுவிட்டான்.

“அந்த ரெண்டு பேருக்கு மட்டும் என் கட்டுரை ஏன் பிடிக்காம போச்சுன்னுதான் தெரியலை.”

துரைக்கண்ணு கேசரியை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“அவங்க மேல தப்பு இல்ல சார், கடைசியில அடுத்த பாவு முடியறதுக்குள்ள அய்யாகிட்ட பட்டுத் துண்டு தீந்துபோச்சு, அந்த ரெண்டு பேருக்கு மட்டும் உள்ள ஒண்ணும் வெக்காம வெறும் பொட்டலத் தாளை அனுப்பிட்டோம்.”